மேட்டுக்காட்டிலும் தென்னந்தோப்பிலும் தேனீ

சங்ககிரி மலைக்கோட்டையின் அடிவாரத்திலிருந்து கிழக்கே ஆத்தூர், தலைவாசல் வரையிலும், வடக்கே ஓமலூரிலிருந்து தெற்கே காவிரி தழுவிச் செல்லும் பரமத்தி வேலூர், மோகனூர்க் கரைகள் வரையிலும் விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில், எந்தெந்தப் பயிரை நம்பிக் குடியானவர்கள் ஜீவனம் நடத்துகிறார்கள் என்று நிதானமாக எண்ணிப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி, குச்சி நட்டு வளர்வது. நாமகிரிப்பேட்டைக்கு விற்பனைக்கு வரும் மஞ்சள், கிழங்கு நட்டு வளர்வது. கரும்புக்குக் கரணை, வெற்றிலைக்குக் கொடி, வாழைக்குப் பக்கக்கன்று. கோழிப் பண்ணைகளின் தீவனத்துக்காக விதைக்கும் மக்காச்சோளமோ காற்றின் உதவியாலேயே மணி பிடிப்பது. இவற்றுள் ஒன்றுக்கேனும் மகசூல் காண்பதற்குத் தேனீயின் தயவு அவசியமில்லை. தேனீ என்றவுடன் புளியமரத்துக் கிளையில் தொங்கிக்கொண்டு, கல்லெறிந்தால் ஊரையே துரத்தும் பூச்சிதான் இப்பிரதேசத்தில் பலருடைய நினைவுக்கு வருகிறது என்றால், அதற்கு விவசாயியின் அசிரத்தையைக் காட்டிலும் அவர் கைக்கொண்ட பயிர்முறையே பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால், அதே நிலத்தின் கிணற்றுமேட்டையும் வரப்பையும் வேலியையும் தோப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. தென்னையையே எடுத்துக்கொள்வோம். நல்ல பராமரிப்பில் உள்ள மரம் மாதம் ஒரு பாளை வீதம் விடுகிறது. பாளை வெடித்ததும் அதன் கிளைகளின் மேற்பகுதியிலுள்ள ஆண் பூக்கள் முதலில் மலர்கின்றன. நெட்டை ரகங்களில் அவை ஏறக்குறைய மூன்று வார காலம் மலர்ந்து உதிர்ந்து முடிந்த பிறகே அடிப்பகுதியிலுள்ள பெண் பூக்கள் மகரந்தத்தை ஏற்கும் பக்குவத்தை அடைகின்றன. தன் பாளையின் மகரந்தம் தனக்கே உதவாதபடி இயற்கை செய்திருக்கும் இந்த ஏற்பாட்டினால், பக்கத்து மரத்திலிருந்து மகரந்தம் வந்து சேர்ந்தாக வேண்டும். காற்று ஓரளவு கொண்டுவரும். மீதியைப் பூச்சிகள் கொண்டுவர வேண்டும். ஆண் பூவில் மகரந்தமும் பெண் பூவில் மதுவும் கிடைப்பதால் தேனீ இரண்டையும் நாடிச் செல்கிறது. பாகல், புடலை, சுரை, பூசணி முதலிய பந்தல் கொடிகளிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு; அவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது; பூச்சி வராத பந்தலில் பிஞ்சு வெம்பி விழுவதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். சூரியகாந்தியும் எள்ளும் கொத்தமல்லியும் தேனீயால் பயன் பெறுகின்றன. சேலத்து மாம்பழத்துக்குத் தேனீயே காரணம் என்று உற்சாகத்தில் சிலர் சொல்வதுண்டு; உண்மையில் மாம்பூவில் பெருமளவு வேலை செய்பவை ஈ வகைகள்; தேனீயின் பங்கு அதற்கு அடுத்தபடியானதே.

இந்தச் சமவெளியில் தேன் சேர்க்கும் பூச்சிகள் நான்கு விதம். ஆலமரத்திலும் மேல்நிலைத் தொட்டியின் அடியிலும் முறம்போல் ஒற்றை அடை கட்டித் தொங்கும் மலைத்தேனீ ஒன்று. முள்வேலிக்குள் மெல்லிய குச்சியைச் சுற்றிக் கையகல அடை வைக்கும் கொம்புத் தேனீ மற்றொன்று. சுவர் வெடிப்பில் பிசின் குழாய் வைத்து வாழும், கொட்டத் தெரியாத கொசுத்தேனீ மூன்றாவது. மரப்பொந்திலும் கிணற்றுச் சுவரின் கற்சந்திலும் இருட்டில் அடுக்கடுக்காக அடைகளைக் கட்டும் பொந்துத் தேனீ, அதாவது இந்தியத் தேனீ, நான்காவது. முதல் இரண்டும் வெளிச்சத்தில் வாழும் சுபாவம் கொண்டவை, பெட்டிக்குள் அடங்கமாட்டா. கொசுத்தேனீயைச் சிறு பெட்டியிலும் மூங்கில் குழாயிலும் வளர்க்கலாம், ஆனால் அது தரும் தேன் மிகக் கொஞ்சம். ஆகவே நம் தோப்புகளில் பெட்டிக்கு உரியது பொந்துத் தேனீயே.

அதற்கேற்ற பெட்டி பிறந்த இடம் இங்கிருந்து வெகுதூரமில்லை என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. தேனீக்கள் அடைக்கும் அடைக்கும் நடுவே தாங்கள் நடமாடுவதற்கு ஒரு குறிப்பிட்ட இடைவெளியை மட்டும் விட்டுவைக்கின்றன, அந்த இடைவெளியை மெழுகினால் நிரப்புவதில்லை என்ற சூட்சுமத்தை 1851ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் கண்டறிந்து, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்களைக் கொண்ட பெட்டியை அமைத்தார். அதற்கு முன்பெல்லாம் தேன் வேண்டுமானால் கூட்டை அழித்தாக வேண்டும். அதன்பின் அடையைப் பிய்க்காமலே தேனை எடுத்துவிட்டு அடையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. ஆனால் அவருடைய பெட்டி உருவில் பெரிய ஐரோப்பியத் தேனீக்கு ஏற்ற பெட்டி. நம் ஊர்ச் சிறு தேனீ அந்தப் பெரிய அறையை நிரப்பவும் காக்கவும் முடியாமல் திணறும். இந்தக் குறையை நீக்கியவர் திருச்சிராப்பள்ளியில் இருந்த ஏசு சபைப் பாதிரியார் நியூட்டன். 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் அவர் நம் தேனீயின் அடை அளவுகளை ஆராய்ந்து, ஏறக்குறைய 20 செ.மீ. நீளமும் 14 செ.மீ. உயரமும் உள்ள ஏழு சட்டங்களைக் கொண்ட புழு அறையையும், அதன்மேல் பாதி உயரச் சட்டங்களுடைய தேன் அறையையும் வகுத்து, கிராமத்து ஜனங்களுக்குப் பயிற்சியும் அளித்தார். 1920களில் கன்னியாகுமரிப் பக்கத்து மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் மூலமாகத் தேனீ வளர்ப்பு வேரூன்றியது. 1928ஆம் ஆண்டின் ராஜாங்க விவசாயக் கமிஷன் அதைக் குடிசைத் தொழிலாகச் சிபாரிசு செய்தது. காவிரி நம் எல்லையைக் கடந்து சென்று தொடும் ஊரில் உருவான அந்த நியூட்டன் பெட்டியே இன்றும் பரமத்தி வேலூர்த் தோப்புகளில் நான்கு கால் நிறுத்தியின்மேல் நிற்கிறது.

அப்படி ஒரு பெட்டியைக் காலை ஒன்பது மணி வாக்கில், வெயில் ஏறுவதற்கு முன், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எறும்பு ஏறாதபடி நிறுத்தியின் ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். வாசலில் நாலைந்து தேனீக்கள் வரிசையாக நின்று, தலையை வெளிப்புறம் காட்டி இறக்கையை விசிறிக்கொண்டிருக்கும். ஐரோப்பியத் தேனீ தலையை உட்புறம் வைத்து உள்ளே உள்ள காற்றை வெளியே இழுக்கும், நம் தேனீயோ வெளிக்காற்றை உள்ளே தள்ளும். நம் தேனீக்குப் பிசின் கொண்டு பெட்டியை ஒட்டும் வழக்கம் இல்லையாதலால் மூடி சத்தமின்றி எழும்புகிறது. தேங்காய் மட்டை நாரின் புகையை இரண்டு முறை மெல்ல விட்டதும், கூட்டம் முழுவதும் ஒரே மூச்சில் சீறுவதுபோல் ஓர் ஒலி எழுந்து அடங்கும். சட்டத்தின் இரு காதுகளையும் பிடித்து நேராக மேலே தூக்கினால், அடையின் நெற்றியில் வெள்ளை மெழுகு மூடிய தேன், அதன் கீழ் வில்போல் வளைந்த வெளிர்மஞ்சள் மகரந்தப் பட்டை, நடுவில் பழுப்பு மூடியிட்ட புழுவறைகள், அவற்றுக்கிடையே அறையின் அடியில் ஊசிநுனி போல் நிமிர்ந்து நிற்கும் முட்டைகள். அடையின் ஓரத்தில் சற்றுப் பெரிய, மேடிட்ட மூடிகளின் உச்சியில் குண்டூசி குத்தியதுபோல் துளை இருந்தால் அவை ஆண் தேனீயின் அறைகள். ராணியைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியம் அனுபவஸ்தர்களுக்கு இல்லை. அன்றைய முட்டை கண்ணில் பட்டால் ராணி க்ஷேமமாக இருக்கிறாள் என்று சட்டத்தை இறக்கி வைத்துவிடுவார்கள்.

மெழுகு இளகக்கூடிய கோடை வெயிலிலும் புழுவறையின் உஷ்ணத்தை 34, 35 டிகிரிக்குள் வைத்துக்கொள்ள இந்தச் சிறு பிராணிகள் படும் பாடு சாமானியமானதல்ல. சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியை எட்டும் நாட்களில், தண்ணீர் சுமந்து வந்து அடைகளின்மேல் துளித்துளியாகப் பரப்பி விசிறுகின்றன. பெட்டியை மரநிழலில் வைப்பதும், பக்கத்தில் ஒரு தொட்டியில் நீரும் அதில் மிதக்கத் தேங்காய் மட்டையும் போட்டு வைப்பதும், அந்த உழைப்பைக் குறைத்து அதே தேனீக்களைப் பூவுக்கு அனுப்பும் உபாயங்கள். குளவி வந்து வாசலில் மிரட்டினால் நூற்றுக்கணக்கில் அதைச் சூழ்ந்து பந்தாகத் திரண்டு, தம் உடற்சூட்டினாலேயே அதைக் கொன்றுவிடும் ஆற்றலும் நம் தேனீக்கு உண்டு. மெழுகு அந்துப்பூச்சியிடம் மட்டும் அது தோற்றுப்போகிறது. கூட்டத்தின் அளவுக்கு மீறிய காலி அடைகளை உள்ளே விட்டுவைப்பதே அந்த விரோதிக்கு நாம் வைக்கும் விருந்து.

பெட்டி வாங்கி வைத்த பலர் ஓராண்டுக்குள் வெறும் பெட்டியோடு நிற்பதற்குக் காரணம், தேனீ ஓடிப்போவது. நம் தேனீக்கு அது பிறவிக்குணம். உணவு குறைந்தாலும், தொந்தரவு மிகுந்தாலும், ராணி உட்பட மொத்தக் குடும்பமும் ஒரு பகற்பொழுதில் கிளம்பிவிடும். காவிரிக் கரையில் பல ஆண்டுகளாகத் தேனீ வளர்க்கும் ஒரு முதியவர், என் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல், வேலியோரம் அழைத்துச் சென்று காட்டிவிட்டுச் சொன்னார்: “பொட்டிய வெச்சாப் பத்தாதுங்க. வருசம் பூராவும் பூச்சி திங்கறதுக்கு நம்ம காட்டுல என்ன இருக்குதுன்னு மொதல்ல பாக்கோணும். அது இல்லீன்னா பொட்டி சும்மாதானுங்க நிக்கும்.” இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

அவர் சொன்ன கண்கொண்டு இந்தச் சமவெளியின் வருஷத்தைப் பார்த்தால், மழை ஓய்ந்த மார்கழியில் கொத்தமல்லியும் தும்பையும், தையிலும் மாசியிலும் மாவும் முருங்கையும், பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கனும் மாசிப்பட்டத்து எள்ளும், வைகாசியில் புளியும் என்று ஆறு மாதம் குறைவின்றிச் செல்கிறது. பிறகு ஆடிக்காற்று எழுகிறது. ஆடி, ஆவணியின் வறண்ட காற்றும் ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையும் தேனீக்குப் பஞ்ச காலங்கள். அப்போது தென்னம்பாளையும், வாழைத்தாரின் மடலுக்குள் ஊறும் மதுவுமே உயிரைப் பிடித்து வைக்கின்றன. காய்ப்பதற்குத் தேனீ தேவைப்படாத வாழை, தேனீக்குத் தேவையானதைத் தருகிறது. மக்காச்சோளத்தில் மகரந்தம் உண்டு, மது இல்லை. கரும்புக் காடோ தேனீயைப் பொறுத்தவரை ஏறக்குறைய பாலைவனம். கொங்கு நாட்டுத் தோட்டங்களைச் சுற்றி முன்பு கிளுவையும் இலந்தையும் வேலிப்பருத்தியும் பின்னிய உயிர்வேலிகள் இருந்தன. அவற்றை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டிய தினத்தில், நிலத்துக்கு ஓரிரு அடி அதிகம் கிடைத்தது; ஆடிமாதத்துப் பூ போய்விட்டது. பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு வைப்பது தவறில்லை. ஆனால் தேனை ஒரு சொட்டு விடாமல் வழித்தெடுத்துவிட்டுப் பாகை வைத்துச் சமாளிப்பது, கூட்டத்தை ஆண்டுதோறும் நலிவடையச் செய்யும் முறை. மேல் அறையின் தேனை எடுத்துக்கொண்டு புழு அறையின் தேனைத் தொடாதிருப்பதே நியாயமான பங்கு.

நம் தேனீ இரை தேடிச் செல்லும் தூரம் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்தான். பெட்டியை மையமாக வைத்து அந்த அளவில் ஒரு வட்டம் வரைந்தால் அதன் பரப்பு சுமார் 775 ஏக்கர். ஐந்து ஏக்கர்க் குடியானவர் வைத்த தேனீ, நூறு பேருடைய நிலத்தில் மேய்கிறது என்று பொருள். எந்த நிலத்தில் எந்தத் திசையில் பூ இருக்கிறது என்று அது இருட்டில் அடையின்மேல் ஆடியே தன் இனத்துக்குத் தெரிவிக்கிறது; செங்குத்துக் கோட்டுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள கோணமே, சூரியனுக்கும் பூவுக்கும் உள்ள கோணம். ஜெர்மன் மொழியில் எழுதிய கார்ல் வான் ஃபிரிஷ் இதைக் கண்டறிந்து 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய சீடர் மார்ட்டின் லிண்டாயர் 1950களில் இலங்கைக்கு வந்து, நம் மலைத்தேனீ, கொம்புத் தேனீ, பொந்துத் தேனீ ஆகிய மூன்றின் ஆட்டங்களையும் ஒப்பிட்டுப் படித்தார்.

அந்த ஆட்டம் ஒரு நாள் விஷத்தை நோக்கியும் வழிகாட்டிவிடும். மாம்பூக்காலத்தில் தத்துப்பூச்சிக்காகத் தெளிக்கும் மருந்துகளில் இமிடாகுளோபிரிட் போன்றவை செடியின் சாற்றோடு கலந்து மகரந்தத்திலும் மதுவிலும் ஏறக்கூடியவை. அந்த மருந்தையும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்த வெளியில் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்ததற்குத் தேனீயே காரணம். இங்கே விவசாயி மருந்தை அறவே விட்டுவிட வேண்டும் என்று உபதேசிப்பது எளிது. கடன் வாங்கித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் அது செல்லாது. பூ விரிவதற்கு முன்பாகவோ, தவிர்க்க முடியாவிட்டால் தேனீ கூடு திரும்பிய மாலை நேரத்திலோ தெளிப்பதும், தெளிக்கும் செய்தியை முந்தின நாளே பெட்டி வைத்திருப்பவருக்குச் சொல்லி அனுப்புவதும் ஒரு காசும் செலவில்லாத காரியங்கள். மறுநாள் காலை முழுதும் ஈரத்துணியால் வாசலை மறைத்து நிழலில் வைத்தால் பெரும் சேதம் தவிர்ந்துவிடும். இவ்வளவு சிறிய ஒத்துழைப்புக்கு ஒரு கிராமம் இசையாது என்று நான் நம்பவில்லை.

இத்தனை சிரமம் எதற்கு, அதிகத் தேன் தரும் இத்தாலியத் தேனீயை வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1962ஆம் ஆண்டில் காங்டா பள்ளத்தாக்கின் நாக்ரோட்டாவில் அது வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்டது. வட இந்தியாவின் கடுகு வயல்களில் இன்று அதுவே ஆட்சி செய்கிறது. நம் தேனீயின் பெட்டி ஆண்டுக்குச் சில கிலோவோடு நின்றுவிடும்போது அது அதைப்போல் பன்மடங்கு தரும் என்பது மெய். 1991, 1992 ஆண்டுகளில் தாய்லாந்திலிருந்து பெயர் பெற்ற வைரஸ் நோய் தென்னாட்டில் பரவி, புழுக்களை நீர் நிறைந்த பையைப்போல் ஆக்கிக் கொன்று, இந்தியத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தபோது, பலர் மனமொடிந்து இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தத் தேனீ பூ இருக்கும் இடந்தேடி லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் தொழிலுக்கு ஏற்றது. உண்ணி அதைப் பீடிக்கும். நம் தேனீயோ உண்ணியோடு நெடுங்காலம் பழகித் தன் உடலைத் தானே சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டது. ஒரே இடத்தில் தோப்பையும் பந்தலையும் காப்பாற்ற விரும்பும் குடியானவருக்கு, அந்த நோயில் எஞ்சித் தழைத்த குடும்பங்களின் சந்ததியாகிய நாட்டுத் தேனீயே ஏற்றது.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, வறண்ட மேட்டுநிலத்து ஜனங்களுக்குக் கைத்தொழில் கொடுக்க முனைந்தார். 1934இல் காந்தியடிகள் நிறுவிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, நிலையான பொருளாதாரத்தைப் பற்றிய தம் நூலில், குழுவின் நன்மைக்காக உழைக்கும் வாழ்வுக்குத் தேனீயையே உதாரணமாகக் காட்டினார். அந்தப் பரம்பரையில் வந்த நமக்கு, 2020இல் மத்திய அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கிய தேசியத் தேனீ வளர்ப்பு இயக்கம் மகிழ்ச்சி தரும் செய்தியே. எனினும், பெட்டிகளின் எண்ணிக்கையைக் கொண்டு வெற்றியை அளக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. பெட்டியோடு பத்துப் புங்கன், முருங்கை, நாவல், இலந்தைக் கன்றுகளையும் கொடுத்து, மூன்றாண்டு கழித்து அவை பூத்தனவா என்று பார்க்கிற திட்டமே இந்தச் சமவெளிக்குப் பொருந்தும்.

கொல்லிமலையின் பாறைத்தேனைப் பற்றி இப்பக்கத்தில் பேசாதவர் இல்லை. கபிலர் பறம்பு மலையில் உழாமலே விளையும் நான்கு உணவுகளை எண்ணியபோது மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு ஆகியவற்றோடு தேனையும் சேர்த்தார். மலைத்தேனுக்கு அவ்வளவு பழைய பெருமை உண்டு. ஆனால் மலையடிவாரச் சாலையில் பாட்டிலில் விற்பதெல்லாம் மலைத்தேன் ஆகிவிடாது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 தயாரிப்புகளைச் சோதித்தபோது, நவீன காந்த அதிர்வுச் சோதனையில் 10 தேறவில்லை. தீயில் காட்டுவது, தண்ணீரில் விடுவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் எதுவும் இந்தக் கலப்பட வஞ்சகத்தைக் கண்டுபிடிக்காது. தெரிந்த தோட்டத்தில், கண்ணெதிரே சுழற்றி எடுத்த தேனை வாங்குவதே வாங்குபவருக்குள்ள பாதுகாப்பு. வளர்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு: தேனின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படக்கூடாது என்பது விதி, அடையின் முக்கால் பாகமாவது மெழுகு மூடியிடப்படாத தேனை அவசரப்பட்டு எடுத்தால் அது சில வாரங்களில் பொங்கிப் புளித்துவிடும்.

புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்கள், கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிலோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் சேலத்தை அடுத்த சந்தியூரிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலோ பயிற்சி பெற்றுக்கொண்டு, மழை ஓய்ந்து கூட்டம் பெருகும் தை மாதத்தில் பெட்டி வைப்பது உசிதம். ஒரு பெட்டி போதாது, இரண்டு வேண்டும். ஒன்றின் ராணி குருவி வாய்ப்பட்டோ கலவிப் பறப்பில் திரும்பாமலோ போனால், அந்தக் குடும்பம் புது ராணியை உண்டாக்கத் தன்னிடம் இளம்புழு இல்லாமல் தவிக்கும். அப்போது மற்றப் பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, ராணி அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒட்டியிருக்கும் தேனீக்களை மெல்லத் தட்டிவிட்டு, அனாதைக் கூட்டின் நடுவில் இறக்கிவைத்தால், அக்கூட்டின் தேனீக்கள் சில புழுக்களைத் தேர்ந்து அவற்றின் அறைகளை நீட்டி ராணி அறைகளாகக் கட்டத் தொடங்கிவிடும்.